பாதி சொல்ற சென்சார்

சாவி எங்கயும் ஓடிடாது மாமா, உக்காருங்க. அந்த ஸ்டூல் வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இந்தச் சேர்ல உக்காருங்க. ஃபேன் போடவா?

வண்டிய வாங்குற ஆளு காத்துக்கிட்டு இருக்காரா? காத்துக்கிட்டு இருக்கட்டும். சுவத்துல மோதின வண்டிய வாங்க இவ்வளவு அவசரப்படுற மனுசன நான் இப்பதான் கேள்விப்படுறேன். இல்ல, மோதினத அவருகிட்ட சொல்லலையோ? சரி சரி, முறைக்காதீங்க. கொழுந்தியா கேலி பண்றான்னு விட்டுடுங்க.

இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கு. அது வரைக்கும் நீங்க பண்ணி வச்ச வேலையப் பத்திப் பேசலாம். ஏன் சிரிக்கிறேனா? மாமா, நான் இந்த ஒயரிங் கடைக்கு வந்ததுலேர்ந்து எத்தனையோ கைவேலை பாத்திருக்கேன். எலி கடிச்சதப் பாத்திருக்கேன். ஆனா எலிக்கு வீடியோ பாத்துக் கத்துக்கிட்டோம்ங்கற கர்வம் இருக்காது.

வேகம் பத்தலன்னு வண்டியோட கம்பெனி கம்ப்யூட்டரத் தூக்கிப் போட்டுட்டு வெளியில ஒண்ணு வாங்கி மாட்டினீங்க. மாட்டலாம், தப்பில்ல. அக்கா வண்டிக்கு எதுக்கு அவ்வளவு வேகம்னுகூட நான் கேக்கல. அவ டவுனத் தாண்டி இருக்கற ஃபேக்டரி லேபுக்குப் போய்ட்டு வர்றவ. அந்தப் பக்கம் பஸ்ஸே கிடையாது, அதுக்காக அவளே தவணை கட்டி வாங்கின வண்டி. நீங்க வாரத்துல ஒரு நாள் ஓட்டுறீங்க, அந்த ஒரு நாளுக்குப் பறக்கணும். நியாயம்தான்.

ஆனா இது கேபிள் வச்ச பழைய வண்டி இல்ல மாமா. பெடலுக்கும் இன்ஜினுக்கும் நடுவுல கம்பியே கிடையாது, வெறும் பேச்சுதான். கால் எவ்வளவு அமுங்கியிருக்குன்னு பெடல்ல இருக்கற சென்சார் சொல்லும். அதக் கேட்டு கம்ப்யூட்டர் மோட்டார முடுக்கும். மோட்டார் காத்து போற வாயில இருக்கற தட்டத் திறக்கும். அதான் த்ராட்டில். தெரியுமா? தெரியும்னா நல்லது. அப்ப பெடல்ல சென்சார் ஏன் ரெண்டு இருக்குன்னு சொல்லுங்க பாப்போம்.

ஸ்பேரா! ஐயோ மாமா. எங்க கடை ஓனர் கேட்டா அழுதுடுவாரு.

ரெண்டும் ஒரே கால பாத்துத்தான் சொல்லுது. உங்க வண்டியில ஒண்ணு முழு அளவு சொல்லும். இன்னொண்ணு எப்பவும் அதுல பாதி சொல்லும். அது பழுது இல்ல, அத அப்படித்தான் செஞ்சிருக்காங்க. முழுசும் பாதியும் கணக்குல ஒத்து வந்தா கம்ப்யூட்டர் நம்பும். ஒத்து வரலேன்னா ரெண்டு பேரையும் நம்பாது. மோட்டார விட்டுடும், ஸ்பிரிங் தட்ட இழுத்துக்கும், வண்டி நடக்கற வேகத்துல உருண்டு ஓரமா நிக்கும். யாருக்கும் அடிபடாது.

நீங்க என்ன பண்ணுனீங்க? இவ பாதிதான் சொல்றா, இவளுக்கு ஏதோ கோளாறுன்னு வெட்டி விட்டுட்டீங்க. இவள்னா சொன்னேன்? சென்சாரத்தான் மாமா. வெட்டிட்டு, பெருசா பேசுறவன் ஒயரையே ரெண்டு பக்கமும் முறுக்கி விட்டீங்க, ரெண்டும் ஒரே அளவு சொன்னா போதும்னு கம்ப்யூட்டர்லயும் மாத்தி வச்சீங்க. சென்சார் அளவு எல்லை தாண்டினா கம்ப்யூட்டர் எச்சரிக்கிறதையும் இடைஞ்சலா இருக்குன்னு அணைச்சீங்க. அப்புறம் எப்படி ஒத்து வராம போகும்? ஒரே ஆளு ரெண்டு குரல்ல பேசுறான். எரர் லைட் அணைஞ்சுது, நீங்களும் கைய ஒதறிட்டு வீட்டுக்குள்ள போய்ட்டீங்க.

அது ஒண்ணுமில்ல, பின்னாடி ஷட்டரத் தூக்குறாங்க. உள்ள புழுங்குதுல்ல.

வண்டி மோதின அன்னைக்குப் பெடலுக்குக் கீழ எர்த் ஒயரு கழண்டுக்கிச்சு. அதுவும் உங்க முறுக்குதான், டேப்பு மட்டும் அழகா சுத்தியிருந்தீங்க. எர்த் போனா அந்த சென்சார் முழு மிதின்னு சொல்லும். யாரும் மிதிக்கவே வேணாம். மறுத்துப் பேச ஆள் இருந்தா கம்ப்யூட்டர் கேட்டிருக்கும், எங்க இருந்தா? தட்டு முழுசா திறந்துச்சு. அக்கா பிரேக்கு மேல ஏறி நிக்கிறா, வண்டி போய் கேட்டுச் சுவத்துல நிக்குது.

அதுக்கப்புறம் நீங்க சொன்னதுதான் எனக்குப் பிடிச்ச இடம். பிரேக்குனு நெனச்சு ஆக்சிலேட்டர மிதிச்சுட்டா, பொம்பளைங்க கையில வண்டியக் குடுத்தா இதான். உங்க அம்மாகிட்ட சொன்னீங்க, மேல் வீட்டுல சொன்னீங்க, கையில மாவுக்கட்டோட அவ உக்காந்திருக்கறப்பவே எங்க அப்பாகிட்ட நடிச்சே காட்டுனீங்க. அப்பா சிரிச்சாரு. நான் மிதிக்கலன்னு அவ பாதிக் குரல்ல சொன்னா. கம்ப்யூட்டருக்கு இருந்த நியாயம்கூட நமக்கு இல்ல பாருங்க. நானும் நம்பல மாமா. போன வாரம் டேஷ்போர்டுக்குக் கீழ படுத்து அந்த முறுக்கப் பாக்கற வரைக்கும்.

இதோ ஸ்டார்ட் ஆயிடுச்சு. கேளுங்களேன், எவ்வளவு சீரா இருக்கு. உக்காருங்க, ட்ரையல் பாக்கறப்ப குறுக்கப் போய் நிக்கக் கூடாது. யாரா? நம்ம ஆளுதான்.

ஒயர் எல்லாத்தையும் பிரிச்சுப் புதுசா போட்டேன். நானும் சொதப்புனேன், மோட்டார் ஒயர மாத்திக் கட்டி, திறன்னா தட்டு மூடிக்கிச்சு. அக்கா விழுந்து விழுந்து சிரிச்சா. ஆமா, மாவுக்கட்டுப் பிரிச்சதுலேர்ந்து அவ தினம் இங்கதான் வந்தா. உங்ககிட்ட சொல்லலையா? நீங்க கேக்கலையோ என்னவோ.

கடைசியா கம்ப்யூட்டருக்குப் பெடலக் கத்துக்குடுக்கணும். கால எடுத்தா எவ்வளவு, முழுசா மிதிச்சா எவ்வளவுன்னு. நீங்க குனிஞ்சு கையால அமுக்கியிருக்கீங்க, பாதி தூரத்தையே முழுசுன்னு அது நம்பிக்கிட்டு இருந்துச்சு. நான் அக்காவ உள்ள உக்கார வச்சேன். மிதின்னேன். கால பெடல் மேலயே வைக்க மாட்டேங்கறா மாமா. நான் லேப்டாப்ப வச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருந்தேன். ரொம்ப நேரம் கழிச்சு மிதிச்சா. கடைசி வரைக்கும் மிதிச்சா. முழுசும் பாதியும் ஒத்து வந்துச்சு.

வேலை போனா போகுது, இனிமே எங்க போகணும்னாலும் நானே கொண்டுபோய் விடறேன்னு சொன்னீங்களாம்ல. நல்ல மனசு. ஒரு வாரம் விட்டீங்களாம், அப்புறம் உங்களுக்கு முதுகு வலி வந்துடுச்சாம். லேபுல இன்னைக்குச் சாயங்கால ஷிஃப்டுக்கு வரலேன்னா வேற ஆளப் போட்டுடுவாங்கன்னு அவ சொல்லல? சொன்னாளா. சரி.

ஹாரன் கேட்டுச்சா? ரெண்டு தடவ அடிச்சா மெயின் ரோடு ஏறியாச்சுன்னு அர்த்தம். பேசி வச்சுக்கிட்டோம்.

அக்காதான் மாமா. வேற யாரு? வண்டி அவ பேர்ல இருக்கு, பெடலுக்கும் இப்ப அவ காலத்தான் தெரியும். வாங்குற ஆளுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்க, பாவம்.

எழுந்திருச்சு ஓடாதீங்க, ஷட்டர் தலையில இடிக்கும். வெளியில என் ஸ்கூட்டர் நிக்குது. எங்க போகணும்னாலும் சொல்லுங்க, நானே கொண்டுபோய் விடறேன்.