கீறாத வயிறு

— நாளைக்கு எனக்கு தீஸிஸ் வைவா. இன்னிக்கு ஜாடியைத் தொறந்து மீனை அறுத்துட்டேன்னு இவ்வளவு சாதாரணமா வந்து சொல்றே! யாரைக் கேட்டுண்டு தொட்டே, மது?

— கத்தாதே ஜெயந்த். உள்ள உங்கம்மா விளக்கேத்திண்டு இருக்கா.

— கேக்கட்டும்! குளத்துச் சேத்துல முழங்கால் வரைக்கும் நின்னவன் நான். புருஷனோட தீஸிஸ்ல கத்தி வெக்கற பொண்டாட்டியை எங்கயாவது பார்த்திருக்கியா?

— புருஷனோட தீஸிஸா? ஒவ்வொரு மீனையும் படம் எடுத்து, முதுகுலேர்ந்து வயிறு வரைக்கும் கோடு போட்டு அளந்தது யாரு? அதுலேர்ந்து வந்த பேப்பர்ல என் பேரும்தான் இருக்கு.

— இருக்கட்டுமே! குளத்துக் கெண்டை உருண்டை, ஆத்துக் கெண்டை ஒல்லி. ஒண்ணுக்கொண்ணு ரொம்ப நெருங்கின ரெண்டு ஜாதி. ஓடற தண்ணியில ஒண்ணு மெலிஞ்சுது, நின்ன தண்ணியில ஒண்ணு பருத்துது. ஆச்சா? நம்ம கைடு சுலோசனா மேடமே கை தட்டினா. இப்ப எதுக்கு அறுக்கணும்?

— குடல்ல என்ன இருந்ததுன்னு எக்ஸாமினர் கேட்டா நீ முழிக்கப்படாதுன்னுதான். உனக்கு உதவி பண்ணத்தான் அறுத்தேன், போதுமா?

— சரி, என்ன இருந்தது? பூச்சியா, பாசியா?

— முட்டை.

— என்ன?

— வயிறு முழுக்க முட்டை. குடல் எங்கயோ மூலையில ஒட்டிண்டு கிடக்கு. குளத்து மீனை ஆஷாட மழையில பிடிச்சே. ஆத்து மீனை பௌஷ் மாசக் குளிர்ல பிடிச்சே. சினை மீனையும் வெறும் வயித்து மீனையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு அளந்துட்டு, தண்ணி உடம்பை மாத்தித்துன்னு எழுதியிருக்கோம்!

— ஆரே பாபா, தப்பித் தவறி ஒரு பொண் மீன் வந்திருக்கும். அதுக்கு இவ்வளவு ஆட்டமா?

— மத்ததுக்கும் அதே மாதிரிதான் உப்பியிருக்கு. ஒவ்வொரு மீனோட வயித்தையும் திறந்து பார்த்து, ஆண் மீனை மட்டும் எடுத்துண்டோம்னு தீஸிஸ்ல எழுதினது நீதானே? நான் அறுத்ததைத் தவிர ஜாடியில ஒண்ணுலகூட ஒரு கீறல் இல்ல, ஜெயந்த். ஏன் திறக்கலை?

— முடியலை. போதுமா? வெள்ளிக்கிழமையானா வெங்காயத்துக்கே தடை போடற வீடு இது. ஆத்துல மீன் பிடிச்சுட்டு வந்தா அம்மா வாசல்லயே நிக்க வெச்சு, குளிச்சுட்டு உள்ள வான்னுவா. பிடிச்சேன், ஜாடியில போட்டேன். கத்தியை வெக்க மனசு வரலை. வெளியிலேர்ந்து பார்த்தாலே ஆணா பொண்ணான்னு தெரியும்னு நெனச்சுட்டேன்.

— இந்தக் கல்கத்தாவுல மீனைக் கையில எடுக்கறவா யாராவது வயித்துக்குள்ள பார்க்காம விடுவாளா? நாம ரெண்டு பேர்தான் வெளியிலேர்ந்தே அளந்துண்டு இருந்திருக்கோம். எனக்கும் அருவருப்புதான். அதனாலதான் நீ திறந்துட்டேன்னு சொன்னதும், அப்பாடான்னு நம்பிட்டேன். உன் மேல வர்ற கோவத்துக்குக் குறைச்சலில்லாம என் மேலயும் வருது.

— உன் கோவத்தை வெச்சுண்டு நான் என்ன பண்றது? பட்டம் வந்தாத்தான் காலேஜ்ல என்னை பர்மனென்ட் ஆக்குவா. இது போச்சுன்னா டாலிகஞ்ச்ல வீடு வீடாப் போய் டியூஷன் எடுக்க வேண்டியதுதான். உனக்கு அது சம்மதமா?

— சம்மதமான்னு என்னைக் கேக்கறியே, பொய் எழுதறப்போ கேட்டியா?

— சரி, தப்புதான். மெதுவாவே சொல்றேன், கேளு. இது உனக்கும் எனக்கும்தான் தெரியும். ஜாடியை என்கிட்ட குடுத்துடு. டாக்குரியா லேக்ல கொட்டிட்டு வந்துடறேன். கை தவறி உடைஞ்சு போச்சுன்னு சொல்லிக்கலாம். ஒரு மீன்கூட இல்லேன்னா யார் என்ன கேப்பா?

— இதை மட்டும் நீ சொல்லமாட்டேன்னு ஆட்டோல வர்ற வழியெல்லாம் நெனச்சுண்டு வந்தேன்டா.

— அழாதே. ஜாடி எங்க, மது?

— சுலோசனா மேடம் மேஜைல. உன் பேரோட என் பேரும் போகட்டும்னு சொல்லிட்டுத்தான் வெச்சுட்டு வந்தேன். அவா இந்நேரம் அடுத்த மீனைத் திறந்திருப்பா.