சிரிக்கும்போது யாரைப் பார்க்கிறோம்

மேடையில் இருக்கும் மேனேஜர் ஐயாவுக்கும், சங்கத் தலைவர் அண்ணனுக்கும், முன்வரிசையில் இருக்கும் அக்காவின் மகளுக்கும், இந்த இரங்கல் கூட்டத்துக்கு வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். என் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. வாய் தவறினால் அக்கா முகத்துக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவர் எங்கள் சூப்பர்வைசர். ஆனால் அவரை அப்படி யார் கூப்பிட்டார்கள்? எல்லோருக்கும் அவர் ஆராய்ச்சி அக்கா. மத்தியானம் நாங்கள் டிபன் டப்பாவைத் திறந்ததும், மர ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பரை விரிப்பார். கொலைச் செய்தியைத் தாண்டிவிடுவார், அரசியலைத் தாண்டிவிடுவார். மனுஷர்கள் எப்படிக் கொட்டாவி விடுகிறார்கள், எப்படித் தூங்குகிறார்கள் என்று எங்கேயோ யாரோ செய்த ஆராய்ச்சியைத் தேடிப் பிடித்துப் படிப்பார்.

ஒரு நாள், "ஆம்பளைங்க ஒரு பொருளைத் தொலைச்சா, தேடின எடத்திலேயே திரும்பத் திரும்பத் தேடுவாங்களாம்" என்றார்.

"இதுக்கு ஒரு ஆராய்ச்சியா? என் வீட்டுக்கு வந்திருந்தா ஒரே காலையில முடிஞ்சிருக்குமே" என்றேன்.

இஸ்திரிக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஒளிச்சு வைக்கிறது யாரு, அதையும் ஆராயச் சொல்லுங்க."

அக்கா மட்டும், "கேலி பண்ணாதீங்கடி. நம்மள மாதிரி ஆளுங்க என்ன பண்றாங்கன்னு பாக்க ஒருத்தனுக்குத் தோணுச்சே, அதுவே பெருசு" என்றார்.

அந்தப் பேப்பரை வைத்தே எங்களுக்கு ஃபேன் வாங்கிக் கொடுத்தவர் அவர். மேனேஜர் ஐயாவுக்கு ஞாபகம் இருக்கும். "ஐயா, வெக்கையில மனுஷனுக்குக் கோவம் கூடுமாம், பேப்பர்ல போட்டிருக்கு. எங்க கையில இஸ்திரிப் பெட்டி வேற இருக்கு." அடுத்த வாரமே ஃபேன் வந்தது.

அவர் கடைசியாகப் படித்தது இது: கூட்டத்தோடு சிரிக்கும்போது, அவரவர் மனசுக்கு நெருங்கினவரைத்தான் திரும்பிப் பார்ப்பார்களாம். அவ்வளவுதான், எல்லோரும் உஷாராகிவிட்டோம். ஒருத்தி கூரையைப் பார்த்துச் சிரித்தாள், நான் டப்பாவைப் பார்த்துச் சிரித்தேன். "நீ யாரைப் பாத்தேக்கா?" என்று கேட்டதற்கு, "நான் சூப்பர்வைசர். எல்லாரையும்தான் பாக்கணும்" என்றார்.

மாரடைப்பில் அக்கா போன பிறகும் பேப்பர் வருகிறது. பிரிக்க யாருக்கும் மனசில்லை. மத்தியானத்தில் டப்பா சத்தம் மட்டும்தான். அக்காவோடு அந்தச் சிரிப்பும் போயே விட்டதா என்று எனக்குப் பயமாக இருந்தது.

முந்தாநாள் இஸ்திரிக்காரர் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். மேஜையில் பார்த்தார், மூட்டையில் பார்த்தார், மறுபடி மேஜைக்கே வந்தார். கண்ணாடி அவர் தலைமேல் இருந்தது. அடக்கமுடியாமல் சிரித்துவிட்டோம். சிரித்தபடி எல்லோரும் ஒரே பக்கம் திரும்பினோம், அந்தக் காலி ஸ்டூல் பக்கம். ஒருவர் பாக்கியில்லை.

அக்கா, நாளையிலிருந்து பேப்பரை நான் படிக்கிறேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஒரு ஆராய்ச்சி முடிவதற்குள் சாப்பாட்டு நேரம் முடிந்துவிடும், மீதியை மறுநாள் படிப்பேன். ஆனால் நின்றுகொண்டேதான் படிப்பேன். ஸ்டூலில் யாரும் உட்கார வேண்டாம். சிரிப்பு வந்தால் நாங்கள் திரும்பிப் பார்க்க ஓர் இடம் வேண்டும்.