மெயில் தொலையும் விதம்

…இல்லம்மா, நீங்க சொல்றது தப்பு. மெயில் தொலையவே தொலையாதுன்னு நீங்க மட்டும் இல்ல, படிச்சவங்க முக்காவாசிப் பேர் நம்பிக்கிட்டிருக்காங்க. பூமி தட்டைன்னு நம்பினாங்களே, அந்த மாதிரி இதுவும் ஒரு நாள் போயிடும். மெயில் தொலையும். என் வீட்ல அஞ்சு தொலைஞ்சிருக்கு. இல்லேன்னா என் தங்கச்சி பொய் சொல்றா. ரெண்டுல எதுன்னு கண்டுபிடிக்கத்தான் உங்களைக் கூப்பிட்டேன். உட்காருங்க… ஐயோ, அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இதுல.

அவளும் நானும் பேசி ஒரு வருஷம் நாலு மாசம் ஆச்சு. ‘அண்ணனுக்கு அஞ்சு மெயில் போட்டேன் அண்ணி, அவர் போட்ட பதிலையும் பாத்துட்டேன்’னு என் வீட்டுக்காரிகிட்ட போன்ல சொல்லியிருக்கா. நான் பதில் போட்டேனாம்! வராத மெயிலுக்கு எப்படிம்மா பதில் போடறது? நீங்க இந்தக் கம்ப்யூட்டரை நல்லாத் துருவிப் பாத்துட்டு, ‘அப்படி ஒண்ணும் வரலை’ன்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. சிரிக்காதீங்க. தேதியும் போடணும்.

சண்டை எதுக்கா? சொன்னா நீங்களும் அவ பக்கம் போயிடுவீங்க. பரவாயில்ல. எங்கம்மாவுக்கு ஏழு மாத்திரை. டப்பாவுல கலந்து கிடந்துச்சு. நான் போய் ஏழையும் ஏழு டப்பாவுல போட்டு, பேர் வாரியா அகரவரிசைல அடுக்கி வச்சேன். தேடறதுக்கு எவ்ளோ வசதி! ஆனா பாருங்க, அம்மா முதல் டப்பாவுலேர்ந்து ஆரம்பிச்சாங்க. தூக்க மாத்திரையோட பேரு ‘அ’ல ஆரம்பிக்குது, அதனால அது முதல் டப்பாவுல இருந்துச்சு. மூணு நாள் காலைல எந்திரிச்சு, மாத்திரை போட்டு, திரும்பப் படுத்துக்கிட்டாங்க. அதை எல்லாச் சொந்தக்காரங்களும் கூடியிருந்த இடத்துல எடுத்துவிட்டா அவ. மாமா சிரிச்ச சிரிப்புல தண்ணி புரை ஏறிடுச்சு. நான் பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சு வந்துட்டேன். மன்னிப்புன்னு ஒரே ஒரு வார்த்தை அவ வாயிலேர்ந்து வரட்டும், அப்புறம் பேசறேன்னு சொன்னேன். இன்னிக்கு வரைக்கும் வரலை. திமிர்.

என் தொழில் அப்படிம்மா, என்ன பண்றது. புத்தகத்துக்குக் கடைசில, எந்த விஷயம் எந்தப் பக்கத்துல இருக்குன்னு ஒரு அடைவு இருக்கும் இல்ல? அதைப் போடறவன் நான். முப்பது வருஷமா எதைப் பாத்தாலும் தலைப்புக் குடுத்து அடுக்கலேன்னா கை நமநமங்கும். அதான் மெயிலுக்கும் விதி எழுதினேன். இந்தச் சொல் வந்தா இந்த ஃபோல்டர், அந்தச் சொல் வந்தா அந்த ஃபோல்டர்னு மொத்தம் நூத்தி முப்பத்தெட்டு விதி. ‘சலுகை’ன்னு வந்தா நேரா குப்பை. நல்லாத்தான் வேலை செஞ்சுச்சு, தொழிலாளர் சலுகைகள் பத்தி ஒரு புத்தகம் வர்ற வரைக்கும். மூணு தடவை அனுப்பினாங்க, மூணு தடவையும் குப்பை. நாலாவது தடவை ஆள்விட்டுக் கையில குடுத்தாங்க. அப்புறம் ‘எழுத்தாளர்’ ஃபோல்டர்லேர்ந்து ‘பதிப்பாளர்’ ஃபோல்டருக்கு ஒரு விதி, அங்கேர்ந்து இங்க ஒரு விதி. சொந்தமாப் பதிப்பகமும் வச்சிருக்கற எழுத்தாளர் ஒருத்தர் மெயில் போட்டார் பாருங்க, பாவம், இங்கயும் அங்கயும் நாள் முழுக்கச் சுத்தினார். போன தடவை நீங்க வந்தது அதுக்குத்தான்.

எதும்மா? இதா? இது ‘சாக்கு’ ஃபோல்டர். நான் எழுதினதுலயே உருப்படியான விதி இதுதான். அடைவு போட எனக்குப் புரூஃப், அதான் அச்சுக்குப் போற பக்கங்க, வேணும்; அதை அனுப்பாம இழுத்தடிக்கறவங்க எல்லாரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பாங்க. ‘மன்னிக்கவும், காய்ச்சல்’, ‘மன்னிச்சுடுங்க, கரன்ட் இல்ல’. அதனால மன்னிப்புக் கேட்டு எவன் எழுதினாலும் என் கண்ணுல படாம இதுக்குள்ள போயிடும். பதிலும் தானாப் போயிடும். என்ன பதிலா? நானே எழுதினது, கேளுங்க. ‘தங்கள் சாக்கு பெறப்பட்டது. முதலில் பக்கங்களை அனுப்பவும்.’ எப்படி? சுருக்குன்னு இருக்கு இல்ல?

எத்தனை இருக்கு? இருநூத்திப் பதினாலா? அடேங்கப்பா. நான் திறந்தே பாக்கலையே… ஏம்மா திரையை என் பக்கம் திருப்பறீங்க?

…

கண்ணாடி எங்க.

இது தங்கச்சிதான். தேதி… சண்டை போட்ட மூணாம் நாளே போட்டிருக்கா. ‘அண்ணா, எல்லார் முன்னாடியும் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சுடு.’ கீழ… கீழ என் பதில்.

ரெண்டாவது. ‘சாக்கு இல்லண்ணா, நிஜமாவே மன்னிப்புக் கேக்கறேன்.’ அதுக்கும் அதே பதில். ஒரு எழுத்து மாறலை.

மூணாவது. ‘மன்னிப்புக் கேட்டா பக்கத்தை அனுப்புங்கறே. என்ன பக்கம்னு முதல்ல புரியலை. என் சிலந்திப் புத்தகத்தைப் பத்தி அண்ணி சொல்லிட்டாங்களா? இந்தா, மொத்தமும் அனுப்பிட்டேன். அடைவு நீதான் போடணும், வேற யார்கிட்டயும் குடுக்க மாட்டேன்.’ அவ பள்ளிக்கூடத்துல உயிரியல் டீச்சர்ம்மா. பன்னெண்டு வருஷமா வீட்டுச் சிலந்தியைப் பத்தி எழுதிக்கிட்டிருந்தா. அதுக்கு நான் என்ன சொல்லியிருக்கேன்… ‘முதலில் பக்கங்களை அனுப்பவும்.’

நாலாவது, ‘அனுப்பினேனே அண்ணா! வரலேன்னா மன்னிச்சுக்கோ, மறுபடி அனுப்பறேன்.’ அஞ்சாவது… இதை நீங்க படிங்கம்மா. வேணாம், நானே படிக்கறேன். ‘இதுக்கு மேல அச்சகத்துல நிறுத்தி வைக்க முடியலை, மன்னிச்சுடு. உன் கோபம் நியாயம்தான். புத்தகத்தை அண்ணி பேருக்கு அனுப்பறேன்.’

இந்தா, கொஞ்சம் இங்க வாயேன்! தங்கச்சிகிட்டேர்ந்து பார்சல் ஏதாவது வந்துச்சா? போன வாரமேவா? ஏன் காட்டலை? …நீ அந்தப் போன் விஷயத்தைச் சொன்னப்ப, இனிமே அவ பேரை எடுக்கக் கூடாதுன்னு நான்தான் சொன்னேனா. சரி. சொல்லியிருப்பேன். குடு.

நீங்க எங்க கிளம்பறீங்க? இருங்கம்மா. அந்தத் தாள் வேணாம், கையெழுத்தும் வேணாம். சும்மா இருங்க கொஞ்சம்.

நல்ல தாள். கட்டும் நல்லா இருக்கு. நான் எந்தப் புத்தகத்தையும் பின்னாலேர்ந்துதான் திறப்பேன், பழக்கம்… முந்நூத்தித் தொண்ணூத்தி ரெண்டாம் பக்கத்தோட சிலந்தி முடிஞ்சுடுது. அதுக்கப்புறம் ஒரு பக்கத்துல மேல ‘பொருளடைவு’ன்னு தலைப்பு மட்டும் போட்டிருக்கு. அந்தப் பக்கத்தையும் சேத்து எட்டுப் பக்கம் வெள்ளையா விட்டிருக்கா.