வேண்டாம்னு எழுதினவன்

– விடு மக்கா பின்சி. எவனோ ஒரு கள்ளன் ஏஜென்சி பேரில மெயில் அனுப்பினான். நீ நம்பி பாஸ்வேர்டை அடிச்சுக் குடுத்திட்ட. அயர்லாந்து வேலை போச்சு. இனி அவனை எங்க போய்த் தேட?

– தேடியாச்சு சோனாக்க அப்பா. ஜெஸ்மி கண்டுபிடிச்சா.

– எந்த ஜெஸ்மி?

– எனக்ககூட நர்சிங் படிச்சவளுக்க தங்கச்சி. நெய்யாற்றின்கரையில கம்ப்யூட்டர் படிப்பிக்கிறா. இது பைசா பறிக்கிறவனுக்க வேலை இல்லேன்னு பாத்ததுமே சொன்னா.

– அதெப்பிடி?

– பேங்குக் காரியம் ஒண்ணையும் அவன் தொடல்ல. எனக்க மெயிலுக்குள்ள ஏறி, குடும்ப சூழ்நிலை சரியில்ல, வேலை வேண்டாம்னு அயர்லாந்து ஆஸ்பத்திரிக்கு எழுதினான். எழுதினதை அழிச்சும் போட்டான். அவிய வருத்தத்தோட பதில் போட்டப்பளாக்கும் எனக்கே தெரிஞ்சது.

– உனக்ககூட டியூட்டி பாக்குற எவளாவது இருக்கும். அசூயை.

– நானும் ஆர்யாவைச் சந்தேகப்பட்டேன். பாவம் அவ.

– பின்ன யாராம்?

– பாஸ்வேர்டை மாத்தாண்டாம்னு ஜெஸ்மி சொன்னா. ஆஸ்பத்திரியில இருந்து வேலைக்குத் திரும்பவும் விளிச்ச மாதிரி எனக்கொரு மெயில் போட்டா. உள்ள ஒரு லிங்க். அதைத் தொடுகவன் எந்த நெட்டில இருக்கான்னு அவளுக்குத் தெரியும். நான் வார்டில நிக்கும்பம் ஒருத்தன் தொட்டான்.

– எங்கேருந்து?

– மெயில் கள்ளன்மாரு இருக்குற டெல்லி இல்ல, ஜார்க்கண்டும் இல்ல. பாறசாலை. அண்ணைக்கே உங்க மொபைல் கடையில வந்து நின்னு, உங்க வைஃபையில நான் அதே லிங்கைத் தொட்டேன். ரெண்டு தடவையும் நெட்டுக்க நம்பர் ஒண்ணு தான்.

– கடைக்கு எத்தனை பேரு வந்து போறான். கூட நிக்குற உண்ணிக்கும் பாஸ்வேர்டு தெரியும்.

– உண்ணி அண்ணைக்கு ஒரு கல்யாணத்துக்கு காரோடு ஊருக்குப் போயிருந்தான். கேட்டாச்சு. இனி ஒருத்தனுக்க பேரையும் இழுக்காண்டாம். கேக்கவே அறப்பா இருக்கு.

– எட்டி, பதுக்கப் பேசு. பிள்ளை உறங்கல்ல.

– நான் அழுதப்பம் நீங்களாக்கும் சாயா போட்டுத் தந்திய. பக்கத்தில இருந்து ஜெபம் பண்ணினிய.

– பயமாக்கும் பின்சி. பெண்டாட்டிய வெளிநாட்டுக்கு அனுப்பிட்டு இங்க தனியாக் கெடக்குறவன்மார நான் தினமும் பாக்குறேன். போகாதேன்னு நேரா சொல்ல எனக்கு வாய் வரல்ல.

– அதுக்கு எனக்க வாயை எடுத்துக்கிட்டிய.

– தப்பு தான். ஆஸ்பத்திரிக்கு நானே எழுதி உள்ளதைச் சொல்லுகேன்.

– நான் விளிச்சுப் பேசியாச்சு. வேலை திரும்பக் கிட்டிச்சு. குடும்பத்தைக் கூட்டிட்டு வரலாம், பேரு தாங்கன்னு அவிய ஃபோனில கேட்டாவ. சோனாக்க பேரு மட்டும் குடுத்திருக்கேன்.