சுதீரின் வலது கால்

மேடையில் நான் எப்போதும் டிரம்ஸை ஒட்டித்தான் நிற்பேன், ஸார். ஃபேனை டிரம்மருக்குத்தான் வைப்பார்கள். காற்று கொஞ்சம் நமக்கும் வரும்.

வேறு காரணமும் உண்டு. பேஸ் கிதார் வாசிக்கிறவன் டிரம்மரின் வலது காலைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கால் பெடலை மிதிக்கும்போது பெரிய டிரம் முழங்கும். அதே நொடியில் என் கம்பியும் அதிர வேண்டும். இரண்டும் சேர்ந்துவிட்டால் நான் இருப்பதே யாருக்கும் தெரியாது. தெரியாமல் செய்கிற உதவிதான் உதவி என்று நம்புகிறவன் நான்.

சிறு வயதிலிருந்தே எனக்குத் தாழ்ந்து அதிர்கிற சத்தம்தான் பிடிக்கும். கொச்சங்காடியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மிளகுக் கிடங்கு. லாரி வந்து நின்றால் சுவர் லேசாக நடுங்கும். அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு பாடம் படிப்பேன். கோயில் பஜனையில் மற்ற பிள்ளைகள் ஜால்ராவுக்குச் சண்டை போடுவார்கள். நான் ஹார்மோனியப் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்தபடி உட்கார்ந்திருப்பேன்.

கல்லூரியில் நிகிலும் சுதீரும் பேண்ட் தொடங்கினார்கள். நிகில் பாடகன், சுதீர் டிரம்ஸ். பேஸுக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. பழைய பேஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு நான் போய் நின்றேன். சாதாரண கிதாருக்கு ஆறு கம்பி, பேஸுக்கு நாலுதான்.

"பாக்கி ரெண்டு கம்பி எங்கேடா ஹரி? அம்மா துணி உணத்த எடுத்துண்டாளா?" என்றான் நிகில். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு அவரவருக்கு வேலை, கல்யாணம், குழந்தை. எனக்கு வேலை மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை சுள்ளிக்கல்லில் பயிற்சி, முகூர்த்த மாதங்களில் வரவேற்புக் கச்சேரி. வாரம் முழுக்க நான் காத்திருந்தது அதற்காகத்தான்.

போன மழைக்காலத்தில் சுதீரின் கால் பிந்தத் தொடங்கியது. ஒரு மயிரிழைதான். நானும் அதே அளவு பிந்தி வாசித்தேன். இருவரும் சேர்ந்து பிந்தினால் அது பிழையாகக் கேட்காது. பாட்டு கொஞ்சம் சாய்ந்து நடக்கிற மாதிரி இருக்கும். "இப்பத்தான்டா நம்ம பாட்டுக்கு ஒரு நடை வந்திருக்கு" என்று நிகில் சந்தோஷப்பட்டான்.

சுதீருக்கு மட்டும் சந்தேகம். "ஹரி, நேராச் சொல்லு. என் கால் லேட்டாறதோ?"

"இல்லேடா. ரூம்ல எக்கோ. சாயாவைக் குடி, ஆறிப்போறது."

அவன் மனைவி அஞ்சனாவும் கேட்டாள். "ஹரியண்ணா, படி ஏறறப்போ இவருக்கு வலது செருப்பு நழுவிடறது. வண்டி ஓட்டாதீங்கோன்னு நிறுத்தி வெச்சிருக்கேன். டாக்டரைப் பாக்கணுமோ?"

"தாளம் கல்லு மாதிரி நிக்கறது அஞ்சனா. வீணா விசாரப்படாதே" என்றேன். சுதீர் போனால் பேண்ட் போய்விடும். பேண்ட் போனால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அப்போது அவ்வளவுதான் நினைத்தேன்.

சென்ற மாதம் நிகில் என்னைத் தனியாக அழைத்தான். "தப்பா நினைச்சுக்காதே ஹரி. பேஸ் இனிமே லாப்டாப்லயே வந்துடும். கும்பளங்கி கல்யாணம்தான் உனக்குக் கடைசி."

தப்பாக நினைக்கவில்லை. அன்று எல்லோருக்கும் நான்தான் சாயா வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த பயிற்சியில் ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் சுதீருக்காக நான் காத்திருக்கவில்லை. சரியான இடத்தில் வாசித்தேன். அவன் எவ்வளவு பின்னால் வருகிறான் என்று தெரிய வேண்டியிருந்தது. நினைத்ததைவிட அதிகம் பிந்தினான்.

நான் ஏன் வேனில் ஏறவில்லை, என் கிதார் மட்டும் ஏன் நனையவில்லை என்று மூன்று நாளாகக் கேட்கிறீர்கள். எப்போதும் நிகில்தான் வேன் ஓட்டுவான்; நானும் சுதீரும் அதில் ஏறுவோம், மற்றவர்கள் நேரே மண்டபத்துக்கு வந்துவிடுவார்கள். கும்பளங்கிக் கல்யாணத்தன்று மழை, அவனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. "நீ பக்கத்து ஸீட்ல கண்ணை மூடிண்டு ஒக்காரு. சுதீர் ஓட்டட்டும்" என்றேன்.

சுதீர் தயங்கினான். "என் கால், ஹரி..."

"வாராவாரம் அந்தக் காலைப் பாக்கறவன் நானோல்லியோ? ஒண்ணும் இல்லேடா" என்று சாவியை அவன் கையில் வைத்தேன். கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். இருவர் பேரிலும் அர்ச்சனை செய்துவிட்டுப் பஸ்ஸில் வந்தேன்.

பாலம் இறங்கும் வளைவில் வேன் நிற்காமல் மீன்குளத்துக்குள் போனதைப் பற்றி உங்களுக்கே தெரியும். 'பிரேக்கை மிதிக்கப் போனேன், கால் வரலே' என்று சுதீர் சொல்வது பொய்யில்லை. அவன்மேல் வழக்கு வேண்டாம். அது வராது என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான். தெரிந்துதான் சாவியைக் கொடுத்தேன். நிகிலைக் கொன்றது நான். சுதீர் பிழைப்பான் என்றும் நான் எதிர்பார்க்கவில்லை.

கையெழுத்து எங்கே போட வேண்டும், ஸார்? கொஞ்சம் சீக்கிரம் முடிந்தால் நல்லது. ஆஸ்பத்திரியில் சுதீருக்கு மத்தியானக் கஞ்சி நான்தான் புகட்டுவது. இன்றைக்கும் வருகிறேன் என்று அஞ்சனாவிடம் சொல்லியிருக்கிறேன்.