ஏத்தம் முடியட்டும்

ஐயோ, தேய்க்காதீங்க தம்பி. கையை எடுங்க மொதல்ல. தேய்ச்சா போச்சு, நல்லா பரவி உக்காந்துக்கும். கரித்தூள் அது, எண்ணெய்ப் பசை இருக்கும். ஈரக் கையே படக்கூடாது. சட்டையை இப்படித் தூக்கிப் பிடிச்சு உள்பக்கத்துலேர்ந்து ஒரு சுண்டு சுண்டுங்க. ஆங். போச்சா? மிச்சம் இருக்கறதுக்கு வீட்ல போய் முகப்பவுடர் போட்டு அரைமணி விட்டுத் தட்டுங்க, அப்புறம்தான் தண்ணி. நான் ஆஸ்பத்திரி லாண்டரில இருக்கேன், இருபத்தெட்டு வருஷமா. மனுஷ ஒடம்புலேர்ந்து வர்ற கறை அத்தனையும் பாத்தாச்சு. அதெல்லாம் கூடப் போயிடும். இந்தக் கரி இருக்கே, சனியன்.

கேக்கறேன்னு கோச்சுக்காதீங்க, நீராவி ரயில்ல ஏற யாராவது வெள்ளைச் சட்டை போட்டுட்டு வருவாங்களா? போட்டோவுக்கா? வீட்டம்மா சொன்னாங்களா? சரி சரி. அவங்க காப்பி வாங்கிட்டு வரட்டும், நான் சொன்ன பவுடர் சமாச்சாரத்தை அவங்ககிட்டயும் சொல்லிடறேன்.

ஜன்னலா? அது மட்டும் வேணாம் தம்பி. ஏத்தம் முடியட்டும், நானே மூடறேன். காத்துக்காக இல்ல. எங்க வீட்டுக்காரர் முன்னாடி இஞ்சின்ல இருக்காரு. பாலம் தாண்டி ஏத்தத்துல ஏறும்போது விசில் குடுக்கறதா பேச்சு. ரெண்டு நீளமா, ஒண்ணு குட்டையா. அதுக்காகத்தான் உக்காந்திருக்கேன். இல்லன்னா இந்தத் தகர டப்பாவுல ஏறணும்னு எனக்கென்ன வேண்டுதலா?

டிரைவரா? நல்லா சொன்னீங்க போங்க. அவரு லிஃப்ட் மெக்கானிக். வாரம் பூரா மேலயும் கீழயும் போவாரு. லீவு கெடைச்சா இங்க வந்துடுவாரு, முன்னாடியும் பின்னாடியும் போறதுக்கு. ஊர் உலகத்துல லீவுன்னா பொண்டாட்டி புள்ளையக் கூட்டிட்டு கடற்கரைக்குப் போவாங்க. இவரு சோத்து டப்பாவக் கட்டிக்கிட்டு இங்க வந்து சும்மா வேலை பாப்பாரு. ஆமா, சும்மாதான். சம்பளம் கெடையாது. இங்க இருக்கறவங்க அத்தனை பேரும் அப்படித்தான். கொடியைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரே கார்டு, சங்கிலி போட்ட கடிகாரத்தை எடுத்து எடுத்துப் பாத்தாரே, அது ஓடாது. நல்லா கவனிங்க, அதைப் பாத்துட்டு அப்புறம் திருட்டுத்தனமா செல்போன்ல மணி பாப்பாரு. வருமான வரி ஆபீஸ்ல ஏதோ பெரிய உத்தியோகம். டிரைவரு ஒரு ஸ்கூல் ஹெட்மாஸ்டர். கரி அள்ளிப் போடறாரே ஃபயர்மேன், அவரு பல்டாக்டர். திங்கக்கிழமை அவர்கிட்ட வாயத் தொறக்கறவங்க பாவம், நகத்தைப் பாத்தா பயந்துடுவாங்க.

இந்த வண்டி எங்க போவுதுன்னு நெனச்சீங்க? எங்கயும் போகாது. மேல போய் பத்து நிமிஷம் நின்னு பெருமூச்சு விட்டுட்டு, ஏறின எடத்துலயே நம்மளக் கொண்டாந்து இறக்கிடும். போன வளைவுல சைக்கிள்காரன் ஒருத்தன் நம்மளத் தாண்டிப் போனான், பாத்தீங்களா? திரும்பிக்கூடப் பாக்கல அவன். இதுல இருக்கறவங்க என்னடான்னா மாட்டைப் பாத்துக் கை ஆட்டறாங்க. மாட்டுக்கு இருக்கற புத்தி, அது கண்டுக்கவே இல்ல.

எத்தனை வருஷமா? இருபத்திரண்டு. எங்க பொண்ணு அப்ப ரெண்டாங்கிளாஸ். வேற பொம்பளைகிட்டப் போனார்னா நாலு பேர்கிட்டச் சொல்லி அழலாம், மூணு பேராவது நம்ம பக்கம் பேசுவாங்க. ரயிலுகிட்டப் போறாருன்னு சொல்லிப் பாருங்க, சிரிக்கறாங்க.

அட, அந்தக் கதையச் சொல்லலையே. இவரு இங்க வேலைக்குப் போட்டுக்கற நீல டிரெஸ்ஸைத் துவைச்சுத் துவைச்சு எங்க வீட்டு மிஷின் செத்துப்போச்சு. சரின்னு ஒரு நாள் பையில சுருட்டிக்கிட்டு லாண்டரிக்கு எடுத்துட்டுப் போனேன். யாரும் இல்லாத நேரம் பாத்து பெரிய மிஷின்ல போட்டேன். தனியாத்தான் போட்டேன், எனக்கு அந்த அளவுக்கு மூளை இருக்கு. ஆனா எடுத்ததுக்கப்புறம் வெறும் சுடுதண்ணி ஒரு சுத்து ஓட்டி மிஷினைக் கழுவணும் பாருங்க, அதை விட்டுட்டேன். பயம், யாராவது வந்துடுவாங்களோன்னு. அடுத்த லோடு பிரசவ வார்டு விரிப்பு. நாப்பது விரிப்பு தம்பி. கதவைத் தொறந்தா மழை வரப்போற வானம் மாதிரி இருக்கு ஒவ்வொண்ணும். அந்த வருஷம் நான் சூப்பர்வைசர் ஆகியிருக்கணும். என்கிட்ட வேலை கத்துக்கிட்டவ ஆயிட்டா. இன்னைக்கும் அவதான் எனக்கு லீவு எழுதிக் குடுக்கறா.

வீட்டுக்கு வந்து அழுதேன். இவரு என்ன சொன்னாரு தெரியுமா? அந்த நீலச் சட்டையைத் தூக்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துட்டு, நல்ல கரியா இருந்தா இவ்வளவு படியாதே, இந்தத் தடவை வந்த லோடு மட்டம்தான்னு சொல்றாரு. ஒரு வாரம் நான் பேசல. அவருக்கு அது தெரியவே இல்ல. அதான் இன்னும் எரிச்சல்.

இல்ல தம்பி, ஃபயர்மேனும் இல்ல. அங்கதான் கூத்து. இருபத்திரண்டு வருஷத்துல ஓடற இஞ்சின்ல ஒரு நாள்கூட அவரை ஏத்தினதில்ல. கண்ணு. பச்சையும் சிகப்பும் அவருக்கு ஒண்ணுதான். கல்யாணம் ஆன புதுசுல எனக்குன்னு ஒரு குடை வாங்கிட்டு வந்தாரு, அழகான சிகப்புன்னு. பச்சை. பாசி பிடிச்ச கொளத்துப் பச்சை. லிஃப்டுக்கு அது பரவால்ல, பட்டன்ல நம்பர் இருக்கு. ரயிலுக்கு சிக்னல் பாக்கணுமே. இங்க சும்மா வேலை பாக்கறவங்களுக்கும் அந்தப் பரீட்சை உண்டு. புள்ளி புள்ளியா ஒரு புத்தகம் காட்டுவாங்க, புள்ளிக்குள்ள நம்பர் ஒளிஞ்சிருக்கும், தெரியும்ல? மூணு தடவை எழுதி மூணு தடவையும் ஃபெயில். மூணாவது தடவை என்ன பண்ணாருன்னா, எங்கேயோ அந்தப் புத்தகத்தைத் தேடிப் பிடிச்சு, எத்தனாவது பக்கத்துல என்ன நம்பர்னு மனப்பாடம் பண்ணிட்டாரு. நான் காய் நறுக்கிக்கிட்டு இருப்பேன், எதிர்ல உக்காந்து ஒப்பிப்பாரு. பன்னெண்டு, எட்டு, ஆறு, இருபத்தொம்போதுன்னு. ஐம்பது வயசு மனுஷன். எனக்கே பாடமாயிடுச்சு. அன்னைக்குன்னு பாத்து அந்த டாக்டர் கடைசிப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சுட்டாரு. ஹா. சிரிங்க, சிரிங்க, நானும் சிரிச்சேன். அவர் முன்னாடியே சிரிச்சேன்.

அப்புறம் என்ன வேலையா? ஷெட்ல நிக்கற இஞ்சினைத் துடைக்கறது. அடியில படுத்துக்கிட்டு சாம்பல் வாரிக் கொட்டறது. இவரு வாரிக் கொட்டி, பளபளன்னு ஆக்கி விடுவாரு, அந்தப் பல்டாக்டர் ஏறிக்கிட்டு ஜம்முனு போவாரு. இவரு ஷெட் வாசல்ல நின்னு கை ஆட்டுவாரு. வெக்கம் கெட்ட ஜென்மம். நானா இருந்தா மறுநாளே வந்திருக்க மாட்டேன்.

ஆமா, இன்னைக்கு ஏத்தியிருக்காங்க. இன்னைக்குத்தான் மொத தடவை. ரூல் ஒண்ணும் மாறல. இனிமே அவர்கிட்ட யாரும் கண்ணு டெஸ்ட் கேக்கப் போறதில்ல, அவ்வளவுதான். சந்தோஷம் அவருக்குத்தான், எனக்கு என்ன வந்துச்சு? என்னையும் இஞ்சின்ல ஏறச் சொன்னாங்க. வீட்டாளு ஒருத்தர் கூட வரலாமாம். ஹெட்மாஸ்டர் தொப்பியக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு கூப்பிடறாரு. மாட்டேன்னுட்டேன். இருபத்திரண்டு வருஷமா கெஞ்சினப்ப வராதவ, இன்னைக்கு இத்தனை பேரு முன்னாடி ஏணி ஏறி நிக்கணுமா? பொட்டியில உக்காந்துக்கறேன், விசில் மட்டும் குடுங்கன்னேன்.

கெஞ்சுவாரு தம்பி. ஒவ்வொரு லீவுக்கும். ஒரே ஒரு தடவை வா, ஏத்தத்துல சத்தம் மாறும், அதை மட்டும் கேட்டுட்டு நீ திரும்பிடுன்னு. தனக்குக் கெடைக்காட்டியும் நானாவது பொட்டியில உக்காந்து கேக்கணுமாம். லாண்டரில எட்டு மணி நேரம் மிஷின் சத்தம் கேக்கறவகிட்ட வந்து சொல்றாரு, சத்தம் கேக்க வான்னு. உங்க சத்தத்தை நீங்களே வச்சுக்கோங்கன்னு சொல்லிட்டு நான் துணி மடிப்பேன்.

இது பாலம்தானே? ஆமா, கீழ தண்ணி தெரியுது. எதிர்ப்பக்கம் பாருங்க, மேட்டுல நிக்குதுங்க ஏழெட்டு, பீரங்கி மாதிரி கேமராவத் தூக்கிக்கிட்டு. புகையைப் படம் பிடிக்கறாங்களாம். புகையை. வேலை வெட்டி இல்லாத கூட்டம்.

உஸ். இருங்க. கேக்குதா? மாறுது. இதுதானா அது? தூ, இதுக்கா இத்தனை வருஷம். இருமல் பிடிச்சவன் மாடி ஏறற மாதிரி இருக்கு. ஒரு படி, மூச்சு, ஒரு படி, மூச்சு. அவரும் அப்படித்தான் ஏறியிருப்பாரு. லிஃப்டை ரிப்பேர் பண்ணப் போனவரு, லிஃப்ட் ஓடலன்னு எட்டு மாடி படியில ஏறப் பாத்தாரு. ஏழுல உக்காந்தாரு. எந்திரிக்கல. மூணு மாசம் ஆச்சு.

இந்தா, குடுத்துட்டாங்க. ஒண்ணு. ரெண்டு. குட்டை.

தலையை உள்ள இழுங்க தம்பி, எட்டிப் பாத்தா ஆள் தெரிய மாட்டாரு. காலைல அவரைப் பல்டாக்டர் கையில குடுத்தேன். மாவு மாதிரி இருக்குது, அப்படியே அள்ளி நெருப்புல போட்டா காத்துல திரும்பி மூஞ்சில அடிக்கும், துணியில கட்டிக் குடுங்கன்னாரு. ஆஸ்பத்திரி தலையணை உறை ஒண்ணு எடுத்தேன். கேட்டுட்டுத்தான் எடுத்தேன், சூப்பர்வைசர் எழுதிக்கூட வைக்கல. மூணு அலசு அலசி, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு வாயைத் தைச்சேன். ஒரு புள்ளி கெடையாது அதுல. இருபத்திரண்டு வருஷமா வெளுத்து அனுப்பி, கறுப்பாத்தான் திரும்பி வந்துச்சு. இந்த ஒண்ணாவது வெள்ளையாவே போகட்டும்.

ஏன் இங்கன்னா, சமதரையில போட்டா பாதி, அடியில இருக்கற சாம்பல் தட்டுல விழுந்துடுமாம். நாளைக்கு எவனாவது அடியில படுத்து வாரிக் கொட்டுவான். ஏத்தத்துலதான் இழுப்பு ஜாஸ்தி, அப்படியே புகையோட தூக்கிட்டுப் போயிடுமாம். இந்த விவரம்லாம் இவரே போன வருஷம் ஒரு தாள்ல எழுதி வச்சிருக்காரு, படம் போட்டு. வேலை வெட்டி இல்லாத மனுஷன்.

அட, எதுக்கு எழுந்திரிக்கறீங்க? உக்காருங்க தம்பி. நீங்க என்ன பண்ணுவீங்க, உங்களுக்குத் தெரியாதுல்ல. ஜன்னல் அப்படியே இருக்கட்டும், இன்னும் கொஞ்சம் ஏத்தம் இருக்கு. சட்டையப் பத்திக் கவலைப்படாதீங்க, அட்ரஸ் குடுங்க, நானே வெளுத்து அனுப்பறேன்.

எங்க? என் தோள்லயா? ஆமா, ரெண்டு மூணு விழுந்திருக்கு. பாத்தீங்களா, போறப்பவும் என் துணியை அழுக்காக்கிட்டுத்தான் போறாரு.

வேணாம் தம்பி, தட்டாதீங்க. இருக்கட்டும்.