நாலாவது வரியை விட்டுக்கொடுக்காதவர்

இந்த நினைவுக் கூட்டத்துக்குத் தலைமையேற்று மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, எங்கள் நாளிதழின் ஆசிரியர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் நாலுவரியாரின் அருமை மகளே, டிக்கெட் கவுன்ட்டரை இன்னொருவரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடிவந்திருக்கும் திரையரங்கத் தோழர்களே, நாற்காலி கிடைக்காமல் அச்சுக்கூடத்தின் காகித உருளைகள் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் வாசகப் பெருமக்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. இந்த நாளிதழில் இருபத்தாறு ஆண்டுகளாக மெய்ப்புப் பார்க்கிறேன். பிறர் எழுதியதில் பிழை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. நாலுவரியார் எழுதியதில் பிழை தேடித் தேடித் தோற்றவன் என்ற ஒரே தகுதியில் உங்கள் முன் நிற்கிறேன்.

அழுகிறவர்கள் அழுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் நான் பேச வந்திருப்பது ஒரு வெற்றியைப் பற்றி. வாரத்துக்கு நாலே வரி எழுதி இந்த ஊரையே நிமிர வைத்த ஒரு பெண்மணியின் வெற்றியைப் பற்றி!

யார் இந்த நாலுவரியார்? சினிமாவைக் கல்லூரியில் படித்தவரா? இல்லை. பட விழா பட விழாவாகச் சுற்றியவரா? இல்லவே இல்லை. திரையரங்கில் டிக்கெட் கொடுத்தவர்! பதினான்கு ஆண்டுகள், ஒரு கை மட்டும் நுழையக்கூடிய ஓட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர். அவருக்குத் தெரிந்ததெல்லாம் கைகள்தான். மனிதர்களைக் கையை வைத்தே அடையாளம் சொல்வார். அந்தக் கைகளுக்கு உரியவர்கள் கேட்ட கேள்வியோ எப்போதும் ஒன்றுதான்: "அம்மா, படம் எப்படி?"

ஒருநாள் சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த ஒரு கை உள்ளே நுழைந்தது. சலவைக்கூடத்தில் வேலை செய்யும் பெண். "அம்மா, எனக்கு மாசத்துக்கு ஒரு நாள்தான் லீவு. இந்தப் படத்துக்குப் போலாமா?" என்று கேட்டார். நம்மவர் அந்தப் படத்தைப் பார்த்திருந்தார். "வேண்டாம்மா. வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்குங்க" என்று சொல்லிவிட்டார்.

பின்னால் முதலாளி நின்றுகொண்டிருந்தார்! அன்று மாலையே வேலை போனது.

வேறு யாராயிருந்தாலும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார்கள். இவர் மறுநாள் காலை நம் ஆசிரியர் முன்னால் வந்து உட்கார்ந்தார். "படம் எப்படின்னு கேக்கறவங்களுக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு எடம் வேணும் சார்" என்றார். ஆசிரியர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வானிலைக்கும் ரயில் நேரத்துக்கும் நடுவுல நாலு வரிதாம்மா எடம் இருக்கு" என்றார்.

"போதும் சார். கவுன்ட்டர்ல அவ்வளவு கூடக் கெடைக்காது."

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பு 'நாலு வரி' இப்படித்தான் பிறந்தது. சினிமாக்காரர்கள் கேலியாக 'நாலுவரி' என்று பெயர் வைத்தார்கள். வாசகர்கள் 'யார்' சேர்த்துப் பட்டமாக்கிவிட்டார்கள்!

அந்த வரிகளை உங்களில் பலர் மனப்பாடமாகவே சொல்வீர்கள். நேரம் கருதி, சிலவற்றில் கடைசி வரிகளை மட்டும் சொல்கிறேன். ஒரு பேய்ப்படத்துக்கு என்ன எழுதினார்? "பேய் வரும்வரை பயமாக இருந்தது. வந்த பிறகு பாவமாக இருந்தது." வாய்விட்டுச் சிரியுங்கள், தப்பில்லை! பெரிய சரித்திரப் படம் ஒன்று வந்தது. "வாள் நிஜம், குதிரை நிஜம், யானையும் நிஜம். அழுகை மட்டும் வாடகைக்கு எடுத்தது." காதல் படத்துக்கு? "இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்." அடிதடிப் படத்துக்கு? "நாயகன் நாற்பது பேரை அடித்தார். நாற்பத்தொன்றாவது ஆள் நான்." துப்பறியும் படம் ஒன்றுக்கு, "கொலைகாரன் யார் என்று நான் சொல்லமாட்டேன். முதல் காட்சியிலேயே படம் சொல்லிவிடுகிறது" என்றார்.

வசைபாட மட்டுமா தெரியும் அவருக்கு? பாராட்டவும் நாலு வரிக்கு மேல் போகமாட்டார். யாரும் கேள்விப்படாத ஒரு சின்னப் படம். விளம்பரமில்லை, சுவரொட்டி இல்லை. "ஒரு தபால்காரர். ஒரு சாவுச் செய்தி. அந்த வீட்டில் அன்று கல்யாணம். அடுத்த வாரம் இந்தப் படம் இருக்காது, இன்றே போங்கள்." போனீர்களா இல்லையா? ஏழு வாரம் ஓட வைத்தீர்களா இல்லையா?

இனி நான் சொல்லப்போவது நம் ஆசிரியருக்குக் கொஞ்சம் சங்கடமான கதை. மறைக்காமல் சொல்லும்படி என்னிடம் சொன்னவரே அவர்தான்.

பெரிய நாயகன் நடித்த பெரிய படம் ஒன்று வந்தது. ஊரே திருவிழாக் கோலம். நாலுவரியார் வழக்கம்போலச் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்துப் பார்த்துவிட்டு வந்து எழுதினார்: "நாயகன் நாயகியை அறைகிறார். அரங்கமே கைதட்டுகிறது. எனக்கு முன்வரிசையில் ஒரு பெண் கைதட்டவில்லை. நான் அவர் கட்சி."

வெள்ளிக்கிழமைப் பக்கம் தயாராகிக்கொண்டிருந்தது. எப்படியோ சேதி கசிந்து, தயாரிப்பாளர் நேரே அலுவலகத்துக்கு வந்துவிட்டார். முழுப்பக்க விளம்பரம் தருகிறவர். "எல்லாத்தையும் எடுக்கச் சொல்லல. அந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்துடுங்க" என்றார். ஆசிரியர் நாலுவரியாரைக் கூப்பிட்டார். நான் மெய்ப்புத்தாளோடு பக்கத்தில் நின்றேன்.

"ஒரு வரிதானேம்மா?" என்றார் ஆசிரியர்.

"முதல் மூணு வரி நான் பார்த்தது சார். நாலாவது வரிதான் நான்."

"இப்போதைக்கு மூணு வரியோட விடலாமே?"

"அப்ப தலைப்பை 'மூணு வரி'ன்னு மாத்திடுங்க. எழுத வேற ஆளைப் பாத்துக்குங்க."

சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போயேவிட்டார்! அந்த வெள்ளிக்கிழமை வானிலைக்கும் ரயில் நேரத்துக்கும் நடுவில் ஒரு தலைவலி மாத்திரை விளம்பரம் வந்தது. வாசகர்களுக்கு உண்மையிலேயே அது தேவைப்பட்டது.

நாலுவரியார் மூலையில் முடங்கினாரா? அவர் வீடு பேருந்து போகும் சாலையில் இருக்கிறது. மகள் வீட்டில் பாடம் எழுதிப் பழகிய கரும்பலகையை வாசல் கேட்டில் கட்டித் தொங்கவிட்டார். வெள்ளிக்கிழமை தோறும் அதில் சுண்ணக்கட்டியால் நாலு வரி! முதல் வாரம் நடந்து போகிறவர்கள் நின்று படித்தார்கள். இரண்டாம் வாரம் சைக்கிள்கள் நின்றன. நான்காம் வாரம் பேருந்தே நின்றது! அங்கே நிறுத்தம் கிடையாது ஐயா! ஓட்டுநர் நிறுத்துவார், நடத்துநர் படியில் தொங்கியபடி உரக்கப் படிப்பார், "ரைட்" என்பார், வண்டி கிளம்பும்.

பன்னிரண்டாவது வாரம். ஆசிரியரின் கார் பழுதாகிப் பட்டறையில் கிடந்தது. வேறு வழியில்லாமல் அந்தப் பேருந்தில் ஏறினார். வண்டி நின்றது. நடத்துநர் படித்தார்: "அண்ணன் தம்பி சண்டை. இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. எழுதியவர் கெட்டிக்காரர். முதல் இருபது நிமிடத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்."

பின் இருக்கையிலிருந்து ஒருவர், "ஏம்ப்பா, இது பேப்பர்ல வந்துட்டிருந்துச்சே, ஏன் நிறுத்திட்டாங்க?" என்று கேட்டார்.

"பயந்துட்டாங்கண்ணே" என்றார் நடத்துநர்.

ஆசிரியர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கினார். வெயிலில் திரும்பி நடந்தார். கேட்டைத் தட்டினார். "அம்மா, வெள்ளிக்கிழமை எடம் காலியா இருக்கு" என்றார்.

"நாலாவது வரி?"

"அதோடதாம்மா."

"அப்ப விட்டுப்போன பன்னெண்டு வாரத்தையும் சேத்துப் போடுவீங்களா?"

போட்டாரே! அரைப் பக்கம் முழுக்க, நாற்பத்தெட்டு வரி! அதில் முதலாவதாக அந்த அறை விழுந்த படம், ஓர் எழுத்துக் குறையாமல்! அந்தப் பக்கத்துக்கு மெய்ப்புப் பார்த்தவன் நான். என் வாழ்நாளில் ஒரு மெய்ப்புத்தாளைப் பார்த்துக் கைதட்டியது அன்று மட்டும்தான். தயாரிப்பாளர் என்ன ஆனார் என்கிறீர்களா? அவருடைய அடுத்த படத்தில் யாரும் யாரையும் அறையவில்லை. நம்மவர் எழுதினார்: "இந்த முறை அறை இல்லை. நன்றி. கதையும் இல்லை. வருத்தம்."

அடுத்தவர் குற்றத்தைச் சொல்ல அஞ்சாதவர்கள் உலகத்தில் நிறையப் பேர் உண்டு. தன் குற்றத்தைச் சொல்ல அஞ்சாதவர்கள் எத்தனை பேர்?

இன்று தலைமை தாங்கும் இயக்குநரின் முதல் படம் வந்த சமயம். நாலுவரியாருக்குக் காய்ச்சல். மாத்திரை போட்டுக்கொண்டு படத்துக்குப் போனார். "இரண்டாம் பாதிக்குத் தலையணை கொண்டுபோங்கள்" என்று நாலாவது வரியாக எழுதினார். படம் மூன்றே நாளில் தூக்கப்பட்டது. சில வாரம் கழித்து, அந்தத் திரையரங்கில் டார்ச் அடித்து இடம் காட்டுகிற அம்மா இவரை வழியில் பார்த்தார். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இன்டர்வெல்லுக்கு அப்புறம் நீங்க நல்லாத் தூங்கிட்டீங்க. உடம்பு சரியில்லையேன்னு நான் எழுப்பல" என்றார்.

நாலுவரியார் நேரே என் மேசைக்கு வந்து நடந்ததைச் சொன்னார். நான்தான் புத்திசாலித்தனமாக ஒரு யோசனை சொன்னேன். "அக்கா, யாருக்கும் தெரியாது. விட்டுடுங்க."

"எனக்குத் தெரிஞ்சுபோச்சேப்பா."

அந்தப் படம் எங்கேயாவது ஓடுகிறதா என்று ஊர் ஊராகத் தொலைபேசியில் விசாரித்தார். ஐந்து மணி நேர ரயில் பயணத் தொலைவில் ஒரு சின்னக் கொட்டகையில் ஓடிக்கொண்டிருந்தது. போனார். முழுதாகப் பார்த்தார். திரும்பிவந்து எழுதினார்: "சென்ற மாதம் இந்தப் படத்தின் பாதியில் தூங்கிவிட்டு எழுதினேன். குற்றம் என்னுடையது. மறுபடி பார்த்தேன். இரண்டாம் பாதி, இந்த ஆண்டில் நான் பார்த்த மிகச் சிறந்த ஒரு மணி நேரம்."

படம் திரும்பி வந்தது! ஐம்பது நாள் ஓடியது! சற்று முன் இயக்குநர் என்னிடம் சொன்னார்: "சினிமாவே வேணாம்னு பெட்டியைக் கட்டி வச்சுட்டேன் சார். பேப்பரைப் பாத்துட்டுப் பிரிச்சேன்." இவரை வீழ்த்தியதும் நாலு வரி, எழுப்பியதும் நாலு வரி. எழுப்பிய நாலு வரியை எழுதத்தான் அதிகத் துணிச்சல் வேண்டியிருந்தது.

சென்ற வாரம் புதன்கிழமை பிற்பகல் ஒரு நகைச்சுவைப் படம் பார்த்தார். எழுதினார். என்னோடு ஒரு காற்புள்ளிக்காகச் சண்டை போட்டார், ஜெயித்தார், வீட்டுக்குப் போனார். வியாழன் விடிந்தபோது அவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார் மருத்துவர்.

வெள்ளிக்கிழமை இதழின் முதல் பக்கத்தில் அவர் புகைப்படத்தை வைத்துக்கொண்டிருந்தோம். உள்பக்கத்து நாலு வரியை என்ன செய்வது என்று யாருக்கும் புரியவில்லை. அப்போது மகள் தொலைபேசியில் அழைத்தார். "மாமா, அம்மா எழுதினது வருதில்ல? எடுத்துடாதீங்க."

"வருதும்மா."

வந்தது. "காரணகாரியம் வீட்டிலேயே இருக்கட்டும். குழந்தைகளை அழைத்துப் போங்கள். கிழவர் நாய்க்குக் கணக்குச் சொல்லித்தரும் காட்சியில் வயிறு வலித்தது. வலி நல்லது."

ஞாயிற்றுக்கிழமை மகள் அந்தப் படத்துக்குப் போயிருக்கிறார். "அந்த நாய் வர்ற எடத்துல சிரிச்சுட்டேன் மாமா. அழுதுட்டேதான் போனேன், ஆனா சிரிச்சுட்டேன். பக்கத்துல உள்ளவங்க என்னைப் பைத்தியம்னு நினைச்சிருப்பாங்க" என்றார். இறந்து நாலாம் நாள், பெற்ற மகளைச் சிரிக்க வைத்த தாயை இறந்தவர் என்று எந்த வாயால் சொல்வேன்?

பெரியோர்களே, 'நாலு வரி' நிற்காது. ஆசிரியர் அதை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். மாட்டேன் என்றுதான் சொன்னேன். மகள் விடவில்லை. "அம்மா மாதிரி எழுதாதீங்க மாமா. உங்களுக்குப் பட்டதை எழுதுங்க" என்றார். எனவே உங்கள் முன்னிலையில் உறுதி கூறுகிறேன். சொந்தக் காசில் டிக்கெட் எடுப்பேன். முழுப் படமும் பார்ப்பேன். தூங்கினால் தூங்கினேன் என்று எழுதுவேன்.

நேற்று என் முதல் படத்தைப் பார்த்தேன். முழுப்பக்க விளம்பரத்தோடு வந்திருக்கும் படம். நாலு வரி எழுத ஆறு மணி நேரம் ஆனது. இதோ:

"மூன்று மணி நேரப் படம். நாயகன் எழுபது முறை நடந்து வருகிறார். ஒரு முறைகூட எங்கும் போய்ச் சேரவில்லை. நீங்களும் போகவேண்டாம்."

இன்று காலையிலிருந்து அந்தக் கடைசி வரிக்காக இரண்டு பேர் தொலைபேசியில் அழைத்துவிட்டார்கள். நாளை வெள்ளிக்கிழமை. பேப்பரை வாங்கிப் பாருங்கள். நாலு வரியும் இருக்கும்.